நீங்கள் செய்ததிலிருந்தே கேள்வி வரும்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள். அம்பத்தூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இன்டர்ன்ஷிப்புக்கு நேர்காணல் வைத்திருக்கிறார்கள். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, மூன்று வருஷப் பாடத்தையும் எப்படித் திருப்பிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கவலையோடு பல கல்லூரிகளில் பல பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பல ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷப் பாடத்தையும் புரட்ட வேண்டாம். நீங்கள் உங்கள் கையால் செய்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஒவ்வொன்றையும் அடிமட்டம் வரை புரிந்துகொள்ளுங்கள். நேர்காணலில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்பும்.

கேள்வி கேட்பவர்களுக்கு, மூன்றாம் ஆண்டு மாணவிக்குத் தொழிற்சாலை வேலை தெரிந்திருக்காது என்பது தெரியும். கற்றுக்கொள்ளத்தானே வருகிறீர்கள்! தான் தொட்ட காரியத்தை இந்தப் பெண் புரிந்து செய்திருக்கிறாளா, ஏன் என்று கேட்டால் காரணம் சொல்கிறாளா, தெரியாத இடத்தில் நிதானமாக யோசிக்கிறாளா, மெஷின் பக்கத்தில் கவனமாக இருப்பாளா என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் சேர்ந்தால் அங்கிருக்கும் ஒரு சூப்பர்வைசர் தன் வேலை நேரத்தில் ஒரு பங்கை உங்களுக்குத் தரவேண்டும். அந்த நேரம் வீண்போகாது என்ற நம்பிக்கையை நீங்கள் கொடுத்தால் போதும்.

தயாரிப்பை உங்கள் ரெஸ்யூமேயிலிருந்து தொடங்குங்கள். அது ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். அதில் எழுதும் ஒவ்வொரு வரியும் ‘இதைப் பற்றிக் கேளுங்கள்’ என்று நீங்களே கொடுக்கும் அழைப்பு. சாலிட்ஒர்க்ஸ் தெரியும் என்று எழுதினால், என்ன பாகம் வரைந்தீர்கள், எந்த வரிசையில் வரைந்தீர்கள், அசெம்பிளியில் பாகங்களை எப்படி மேட் செய்தீர்கள் என்று கேட்பார்கள். இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்ததை ‘ரோபாட்டிக்ஸில் தேர்ச்சி’ என்று எழுதினால் மூன்றாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும். அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகளையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள். ஐந்து நிமிடம் பேச முடியாத வரியை எடுத்துவிடுங்கள். ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாகப் பணியாற்றுபவர்’ போன்ற வரிகளும் வேண்டாம். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். எந்தப் பாடம், ஏன் போயிற்று, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இனி உங்கள் மினி புராஜெக்ட். தேங்காய் உரிக்கும் மெஷின் செய்தோம், மோட்டாரையும் கியர்பாக்ஸையும் கடையில்தான் வாங்கினோம், இதைப் போய் எப்படிப் பெரிதாகச் சொல்வது என்று தயங்கியிருக்கிறீர்கள். தயக்கம் வேண்டாம். பெரும்பாலான தொழிற்சாலைகள் தங்கள் மோட்டாரைத் தாங்களே செய்துகொள்வதில்லை. வாங்கிய பொருளை ஏன் வாங்கினீர்கள் என்பதில் இருக்கிறது உங்கள் பொறியியல்.

ஒரு எச்.பி. மோட்டார், நிமிடத்துக்கு 1440 சுற்று, 40க்கு 1 வோர்ம் கியர்பாக்ஸ், 30 மி.மீ. ஷாஃப்ட் என்று எழுதியிருந்தீர்கள். நோட்டை எடுத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எச்.பி. என்பது 746 வாட். 1440 சுற்றில் அந்த மோட்டார் தரும் டார்க் ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸைத் தாண்டும்போது வேகம் 36 சுற்றாகக் குறைகிறது. இழப்பே இல்லாவிட்டால் டார்க் 200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு உயரும். வோர்ம் கியரில் பற்கள் உரசிச் சறுக்குவதால் இழப்பு அதிகம். எஃபிஷியன்சி 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்டுக்கு வந்து சேருவது 140 நியூட்டன் மீட்டர். ஷியர் ஸ்ட்ரெஸ் 40 மெகாபாஸ்கலைத் தாண்டக்கூடாது என்று எடுத்துக்கொண்டால், அந்த டார்க்கைத் தாங்க 26 மி.மீ. விட்டம் வேண்டும். கீவே வெட்டியதால் குறையும் வலு, காயை உரிக்கும் ரோலர் தரும் வளைவு விசை இரண்டையும் கருதி 30 மி.மீ. எடுத்தோம் என்று நீங்கள் சொன்னால், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். கடையில் கிடைத்ததை வாங்கியிருந்தாலும் கணக்கை இப்போது போடலாம். ‘செய்தபோது கணக்குப் போடவில்லை சார், பிறகு சரிபார்த்தேன், இவ்வளவு வந்தது’ என்று உள்ளபடி சொல்லுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு.

அங்கிருந்து இன்னும் கீழே போவார்கள். ஏன் 1500 இல்லாமல் 1440? நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு போல் இண்டக்‌ஷன் மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். ரோட்டார் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கினால்தான் அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு டார்க் பிறக்கும். அந்தப் பின்தங்கலைத்தான் ஸ்லிப் என்று படித்தீர்கள். இப்படி ஒரு தேங்காய் மெஷினிலிருந்தே மெஷின் டிசைன், எலக்ட்ரிக்கல், மெட்டீரியல் சயின்ஸ், தியரி ஆஃப் மெஷின்ஸ் எல்லாவற்றுக்கும் போகலாம். பாடங்களைத் தனித்தனியாகத் திருப்புவதைவிட இந்த வழியில் போனால் மனதில் நிற்கும்.

புராஜெக்ட் பற்றி இன்னும் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். முதலாவது, ‘இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ நான்கு பேர் சேர்ந்து செய்ததை எல்லாம் ‘நாங்கள்’ என்று சொல்லிக்கொண்டே போனால் உங்கள் பங்கு தெரியாது. வெல்டிங் யார், டிராயிங் யார், பொருள் வாங்கியது யார் என்று பிரித்துச் சொல்லுங்கள். தோழி செய்ததைத் தோழியின் கணக்கில் வையுங்கள். இரண்டாவது, ‘எது சரியாக வரவில்லை?’ எல்லாமே நன்றாக ஓடியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சில காய்கள் ரோலருக்கிடையே சிக்கி மோட்டார் நின்றுபோனதாக எழுதியிருந்தீர்களே, அதைச் சொல்லுங்கள். ஏன் நின்றது? லோடு ஏறியது. ஏன் ஏறியது? பெரிய காய் நெருக்கிக்கொண்டது. ஏன் நெருக்கியது? ரோலர் இடைவெளி மாறாதபடி பொருத்தியிருந்தோம். காய்கள் எல்லாம் ஒரே அளவில் விளைவதில்லை என்பதை யோசிக்கவில்லை. அப்படியானால் ஒரு ரோலரை ஸ்பிரிங்கில் நிறுத்தியிருக்கலாம். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வலியுறுத்திய ‘ஐந்து ஏன்’ முறை இதுதான். பெயரைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, இப்படிக் காரணத்துக்குக் காரணம் தேடுவதைக் காட்டினால் போதும்.

அடிப்படைப் பாடங்களில் தொழிற்சாலைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சில இடங்கள் உண்டு. பத்து நாளில் அவற்றை உறுதியாகப் பிடித்துவிடலாம்.

அளவெடுத்தல் முதலில். லேபில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்திருப்பீர்கள். 50 பிரிவுள்ள வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட் 0.02 மி.மீ., சாதாரண மைக்ரோமீட்டருடையது 0.01 மி.மீ. என்று எல்லோரும் சொல்வார்கள். ‘ஒரே பொருளை அளக்க மைக்ரோமீட்டரை ஏன் அதிகம் நம்புகிறோம்?’ என்று கேட்டால் பலர் நின்றுவிடுவார்கள். மைக்ரோமீட்டரில் அளக்கும் திருகும் அளக்கப்படும் பொருளும் ஒரே கோட்டில் இருக்கின்றன. வெர்னியரில் ஸ்கேல் ஒரு பக்கம், பொருள் கொஞ்சம் தள்ளி தாடைகளுக்கு நடுவே. தாடை சற்றே சாய்ந்தாலும் பிழை நுழைந்துவிடும். ஸ்கேலும் அளக்கப்படும் பொருளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று 1890இல் எர்ன்ஸ்ட் அப்பே சொன்ன விதி இன்றைக்கும் அளவுக்கருவிகளின் அடிப்படை. லேபுக்கு ஒருமுறை போய் இரண்டையும் கையில் பிடித்து, ஸீரோ பிழை பார்த்து, ஒரே பாகத்தைப் பல முறை அளந்து பாருங்கள்.

அடுத்து லிமிட்டும் ஃபிட்டும். 25 மி.மீ. எச்7/ஜி6 என்று டிராயிங்கில் இருந்தால், துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம், ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம். இடைவெளி குறைந்தது 7 மைக்ரான், அதிகம் 41 மைக்ரான். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அட்டவணையிலிருந்து எடுக்கத் தெரிந்தால் போதும். ஆனால் எந்த ஷாஃப்டை எந்தத் துளையில் போட்டாலும் அது தளர்வாகச் சுழலும், ஆட்டம் கொடுக்காது என்பதற்கு இந்த எண்கள் எப்படி உத்தரவாதம் தருகின்றன என்று சொல்லத் தெரியவேண்டும். ஆயிரக்கணக்கில் பாகம் செய்யும் இடத்தில் ஒவ்வொன்றையும் ராவிப் பொருத்த முடியாது. பாகங்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நிற்பதால்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

மெட்டீரியலில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. ‘ஒரு ஷாஃப்ட் லோடில் அதிகமாக வளைகிறது. இன்னும் வலுவான ஸ்டீல் போட்டால் சரியாகுமா?’ சரியாகும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் வளைவைத் தீர்மானிப்பது யங்ஸ் மாடுலஸ். மைல்ட் ஸ்டீலானாலும் ஹார்டன் செய்த அலாய் ஸ்டீலானாலும் அது 200 கிகாபாஸ்கலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். விலை கூடிய ஸ்டீலும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் வளையும். விட்டத்தைக் கூட்டுங்கள். வளைவு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். 20 மி.மீ. ஷாஃப்டை 24 ஆக்கினால் வளைவு பாதியாகிவிடும். வலு வேறு, விறைப்பு வேறு என்பது இந்த ஒரு கேள்வியில் தெளிந்துவிடும்.

டிராயிங் ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். நம் நாட்டு வழக்கம் ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷன், அமெரிக்க டிராயிங்குகள் தேர்ட் ஆங்கிள். முதலில் மூலையில் இருக்கும் குறியைப் பாருங்கள், பிறகு மெட்டீரியல், அதன்பின் டாலரன்ஸ், கடைசியில் வடிவம். குறியைப் பார்க்காமலே வடிவத்தைச் சொல்லத் தொடங்குவோர் அதிகம்.

இனி, நீங்கள் போகும் தொழிற்சாலை. என்ன செய்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், அந்தப் பாகம் வண்டியில் எங்கே இருக்கிறது, அது உடைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு போங்கள். சென்னைக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்ட் ஆகி எண்ணூரில் வளர்ந்தது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் வந்தது. ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது. தரத்துக்கான டெமிங் பரிசை 1998இல் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றது. அந்தப் பரிசு இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல்முறை. பெரிய வண்டித் தொழிற்சாலைகளைச் சுற்றித்தான் அம்பத்தூரிலும் பாடியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உதிரிபாகத் தொழில் அடர்ந்தது.

பெரிய தொழிற்சாலையின் லைன் ஓடுகிற வேகத்துக்கு உதிரிபாகக் கம்பெனியும் ஓடவேண்டும். டாக்ட் டைம் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். எட்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, டீ இடைவேளை அரை மணி போக 450 நிமிடம் மிஞ்சுகிறது. அன்றைக்கு 900 பாகம் வேண்டுமென்றால் 30 வினாடிக்கு ஒன்று வெளியே வந்தாக வேண்டும். ஒரு மெஷினில் அதற்கு 40 வினாடி ஆனால் என்ன செய்வது? வேலையைப் பிரிக்கலாமா, இன்னொரு மெஷின் போடலாமா, கருவி மாற்றும் நேரத்தைக் குறைக்கலாமா? ‘ஃபைவ் எஸ்’ வரிசையை ஒப்பிப்பதைவிட இப்படி ஒரு கேள்வியோடு கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். போகா-யோகே பற்றிக் கேட்டால் உங்கள் செல்போன் சிம்மின் வெட்டிய மூலையைச் சொல்லலாம். தப்பாகப் போட முடியாதபடி வடிவமே தடுத்துவிடுகிறது.

ஆங்கிலம் சரளமாக வராது என்று வருந்தியிருந்தீர்கள். பத்து நாளில் ஆங்கிலத்தை மாற்ற முடியாது, ஆனால் உங்கள் புராஜெக்ட்டைச் சொல்லும் விதத்தை மாற்றமுடியும். சின்னச் சின்ன வாக்கியமாக, தினமும் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்வதும் வாய்விட்டுச் சொல்வதும் ஒன்றல்ல. தங்கையையோ அம்மாவையோ எதிரே உட்காரவைத்துச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புரிந்தால் பேனலுக்கும் புரியும். அங்கே தடுமாறினால் பேப்பரும் பேனாவும் கேட்டு வரையுங்கள். ‘சார், இந்த இடத்தை மட்டும் தமிழில் சொல்லலாமா?’ என்று கேட்பதில் தவறில்லை. ஷாப் ஃப்ளோரில் ஆபரேட்டர்களோடு நீங்கள் பேசப்போவதும் பெரும்பாலும் தமிழில்தானே.

தெரியாத கேள்வி கட்டாயம் வரும். தெரியாது என்று சொல்லி நிறுத்திவிடாமல், தெரிந்ததிலிருந்து எவ்வளவு தூரம் போகமுடியும் என்று காட்டுங்கள். ‘25 மி.மீ. ஸ்டீல் ராடு ஒரு மீட்டர் என்ன எடை இருக்கும்?’ என்று கேட்டால், ஸ்டீல் ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம் என்பதிலிருந்து கணக்குப் போட்டு 3.85 கிலோவுக்கு வந்து சேரலாம். இரும்புக் கடைக்காரரும் சைட் மேஸ்திரியும் விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்து அதே விடையை நொடியில் சொல்வார்கள். அந்த 162 எங்கிருந்து வந்தது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். அதுவே ஒரு நல்ல பயிற்சி.

நீங்கள் எழுதத் தயங்கி எழுதியிருந்த ஒன்று. ‘பொண்ணு, ஷாப் ஃப்ளோர்ல தாக்குப்பிடிப்பியா’ என்று கேட்டால் என்ன சொல்வது? கோபம் வருவது நியாயமே. பதிலை உங்கள் வேலையிலிருந்து எடுங்கள். லேத்தில் எத்தனை மணி நேரம் நின்றீர்கள், வெல்டிங் செய்தது யார், கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் எந்த நாள் எதைச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு நீங்களும் கேளுங்கள்: ஷிஃப்ட் எந்த நேரம், கம்பெனி பஸ் உண்டா, பெண்களுக்கான ஓய்வறை எங்கே, சேஃப்டி ஷூவும் கண்ணாடியும் யார் தருகிறார்கள். இவை சலுகை கேட்பது ஆகாது. வேலைக்கு வருபவர் யாராக இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் முன்பணம் கேட்டு, நாலு நாள் வகுப்பெடுத்து, சான்றிதழ் நீட்டும் இடங்கள் இருக்கின்றன. அங்கே போகாதீர்கள். அந்தக் காகிதம் உங்கள் ரெஸ்யூமேயில் ஒரு வரியைக் கூட்டும், ஆனால் அந்த வரியைப் பற்றி ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. வேலை நடக்கும் இடத்தில் சம்பளமில்லாமல் நின்றாலும் கற்றுக்கொள்ள வழியுண்டு. பட்டம் முடித்த பிறகும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், 1973இல் செய்த திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமா படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி கிடைக்கும். தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இப்போது கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம்.

நேர்காணல் நாளுக்குச் சில சொற்கள். கல்லூரி போனஃபைட் கடிதம், மார்க் ஷீட், ஆதார், ரெஸ்யூமே இரண்டு பிரதி, ஒரு சின்ன நோட்டு, பேனா. காலை மூடும் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் உள்ளே அழைத்துப்போய் லைனைக் காட்டக்கூடும். அங்கே மஞ்சள் கோட்டுக்குள் நடங்கள், எதையும் தொடும் முன் கேளுங்கள். அதையும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். கேட்க ஏதாவது இருக்கிறதா என்றால் ‘எந்தப் பிரிவில் என்னைப் போடுவீர்கள், முதல் வாரத்துக்குள் நான் எதைப் படித்துக்கொண்டு வரவேண்டும்?’ என்று கேளுங்கள். வேலையில் மனதை வைத்தவர் கேட்கும் கேள்வி அது.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே அவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் எழுதிவிடுங்கள். பதில் தெரியாதவற்றை அந்த வாரத்துக்குள் தேடிக் கண்டுபிடியுங்கள். இடம் கிடைத்தால் அந்தக் கேள்விகள்தான் உங்கள் முதல் மாத வேலை. கிடைக்காவிட்டால் அடுத்த நேர்காணலுக்கான பாடத்திட்டம். ஒரு பட்டியலை மட்டும் இன்றே தொடங்கிவிடுங்கள்: மூன்று வருஷத்தில் உங்கள் கையால் செய்த காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் அப்படிச் செய்தீர்கள் என்ற காரணம். காரணம் எழுதமுடியாமல் நிற்கும் இடங்கள்தான் இந்தப் பத்து நாளில் நீங்கள் படிக்க வேண்டியவை.

நன்றாகச் செய்வீர்கள். முடிவு எதுவானாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குக் கடமைப்பட்ட ஒரு பொறியாளர்